கூடத்துக்குள் ஒரு வீணை

சேம்பர் ம்யூஸிக் என்பதற்குத் தமிழில் சொல் கிடையாது. 'அறை இசை' என்று மொழிபெயர்த்தால் ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம்தான் வருகிறது. ஏன் சொல் இல்லை என்று யோசித்தால் விடை எளிது. கோயில் தெருவில் ஊதப்பட்ட நாயனத்தையும் கொட்டகையில் பாடப்பட்ட நாடகப் பாட்டையும் ஒதுக்கிவிட்டால், கர்நாடக சங்கீதம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு கூடத்துக்குள், கூப்பிடு தூரத்தைவிடக் குறைந்த தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக நடந்த காரியம். எல்லாமே கூடத்துக்குள் நடந்தபோது கூடத்து இசைக்கென்று தனிப்பெயர் தேவைப்படவில்லை. கச்சேரி என்ற சொல்லே ஆபீஸைக் குறித்து வந்ததுதான். எங்கள் பக்கத்துக் கிழவர்கள் தாலுகா ஆபீஸைத் தாலுகாக் கச்சேரி என்பார்கள். சில பேர் உட்கார்ந்து ஒரு காரியத்தைக் கவனிக்கிற இடம். அந்தக் கவனிப்புக்கு என்ன ஆயிற்று என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

இதை இப்போது யோசிக்க வைத்தது, சென்ற மார்கழியில் ராஜபாளையம் பக்கத்துச் சோழபுரத்தில் ஒரு வீட்டில் கேட்ட வீணைக் கச்சேரி. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். முற்றமும் தூண்களும் உள்ள பழைய வீடு. அழைப்பிதழ் இல்லை, டிக்கெட் இல்லை, பொன்னாடை இல்லை. வாய்மொழியாகச் சொல்லியனுப்பியிருந்தார். மைக் வேண்டாம் என்பது அவர் முடிவு. "நாலு செவுத்துக்குள்ள எதுக்கு சார் மைக்கு?" என்றார். வீணை, மிருதங்கம், பெட்டிக்குள் அடைக்கப்படாத நிஜத் தம்பூரா ஒன்று. கேட்க வந்தவர்கள் 38 பேர். முதல் அரைமணி நேரத்தில் எண்ணுவதற்கு எனக்கு அவகாசம் இருந்தது. வாசித்த இருவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஒருவர் வீட்டுக்குள் நடந்ததை அச்சில் ஏற்றும்போது காட்டவேண்டிய மரியாதை அது. தவிர, நான் சொல்ல வருவதில் பாதி அவர்களைப் பற்றியதல்ல, என் காதைப் பற்றியது.

அந்த முதல் அரைமணி நேரம் படுதோல்வி. இதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மைக் இல்லாத கச்சேரி என்றாலே ஏதோ தெய்வீகம் இறங்கி வந்துவிட்டதுபோல் எழுதுகிற ஒரு பழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. சோழபுரத்தில் எதுவும் இறங்கி வரவில்லை. வர்ணம் நடந்தது. மிருதங்கம் கேட்டது. வீணை அம்மாளின் விரல்கள் நகர்வது தெரிந்தது. மிருதங்கக்காரர் இளைஞர். ஸபா மேடைகளில் தன் முன்னால் வைக்கப்படும் ஸ்பீக்கரில் வீணையைக் கேட்டு வாசித்துப் பழகியவர். அந்த ஸ்பீக்கர் இல்லாதபோது எவ்வளவு அடக்க வேண்டும் என்ற கணக்கு அவர் கையில் இல்லை. வீணை அம்மாளோ முப்பது வருஷமாகக் குடத்தில் காண்டாக்ட் மைக்கை ஒட்டிக்கொண்டு வாசித்தவர். அந்த மைக்குக்கு மெல்லத் தொட்டால் போதும். அழுத்தி மீட்டினால் உறுமும். அதனால் பதவிசாகிப்போன அந்தத் தொடுகை இரண்டாவது பாயைத் தாண்டவில்லை. கேட்க வந்த நாங்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. சத்தம் தானாக வந்து எங்களைச் சேரும் என்று சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தோம். வாசிப்பவர், கூட வாசிப்பவர், கேட்பவர் என்று மூன்று தரப்புக்கும் ஒரே பழக்கம் தொலைந்துபோயிருந்தது.

என்ன பழக்கம் என்பதை வீணையை வைத்துத்தான் சொல்ல முடியும். வீணைத் தந்தியை மீட்டினால் ஒலி பிறந்த கணத்திலிருந்தே செத்துக்கொண்டிருக்கிறது. பிடிலின் வில்லுக்கும் குழலின் மூச்சுக்கும் இந்தச் சங்கடம் கிடையாது. மெழுகில் பதித்த 24 மெட்டுகள். அவற்றின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, செத்துக்கொண்டிருக்கும் அந்த ஒலிக்குள்ளிருந்தே அடுத்த ஸ்வரத்தையும் அதற்கடுத்ததையும் எடுக்க வேண்டும். கமகம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, வீணையில், இந்த வால்பகுதியில் இருக்கிறது. முதல் ஸ்வரம் மீட்டில் வருகிறது. மூன்றாவது ஸ்வரம் வரும்போது ஒலி இருக்கிறதா, போய்விட்டதா என்ற நிலை. அதைக் கேட்பவன் பாதி காதாலும் பாதி ஞாபகத்தாலும் கேட்கிறான். ராகம் தெரிந்தவன் முடித்துக்கொள்கிறான். தெரியாதவனுக்கும், கவனம் சிதறாமல் இருந்தால், அது போன திசை தெரிகிறது. அந்த இடத்தில் வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் வேலை சரிபாதியாகப் பங்கிடப்படுகிறது. வீணையை மற்ற வாத்தியங்களிலிருந்து பிரிப்பது இந்தப் பங்கீடு என்று எனக்குத் தோன்றுகிறது.

காண்டாக்ட் மைக் அந்த வாலை நீட்டிக் கொடுத்தது. அதை வெறும் சீரழிவு என்று சொல்லிவிட முடியாது. ஒரே மீட்டில் நீண்டதொரு பிடியை இழுத்து முடிக்கும் எஸ். பாலசந்தரின் (1927–1990) வாசிப்பு ஆயிரம் பேர் கொண்ட அரங்கின் கடைசி வரிசையை எட்டியிருக்கிறது என்றால் ஒலிபெருக்கியின் துணையில்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஒலி சாகாதபோது கேட்பவன் முடிக்கவேண்டியது எதுவுமில்லை. எல்லாம் முடிந்து, வழவழவென்று, அவன் மடியில் வந்து விழுகிறது. அவன் சாய்ந்துகொள்கிறான். சுவரில் சாய்ந்திருந்த எங்கள் 38 முதுகுகளும் இதற்குச் சாட்சி.

வர்ணம் முடிந்ததும் வீட்டுக்காரர் எழுந்தார். "பின்னால இருக்கவங்க எல்லாம் பாயை இழுத்துக்கிட்டு முன்னால வாங்க" என்றார். மிருதங்கக்காரரை இரண்டடி பின்னால் தள்ளி உட்காரச் சொன்னார். அவருக்குச் சற்று வருத்தம்தான். பிறகு ஃபேனை அணைத்தார். அதுவரை ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது என்பதே அணைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இவ்வளவுதான் நடந்த ஏற்பாடு. இதற்கு ஒலிப்பொறியியல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்து ஸஹானா ஆலாபனை. வீணை அம்மாள் மீட்டை மாற்றிக்கொண்டார். முன்னைவிட அழுத்தமாக, ஆனால் எண்ணிக்கையில் பாதியாக. இரண்டு மீட்டுக்கு நடுவில் அவர் காத்திருந்த நேரம் நீண்டது. ஸபாவில் அப்படிக் காத்திருந்தால் யாராவது மணி பார்ப்பார்கள். இங்கே அந்த இடைவெளிக்குள் தம்பூரா தெரிந்தது. தம்பூராவுக்குள் இழுப்பின் கடைசி நுனி போய் மறைவது தெரிந்தது. இரண்டாவது பாயிலிருந்த ஒருவர் முன்பக்கம் குனிந்தார். பார்த்தால் நானும் குனிந்துகொண்டிருக்கிறேன். ஒரு பிரயோகம் காந்தாரத்தில் வந்து நின்று, நின்ற இடத்திலேயே தேய்ந்து, கேட்கிறதா கேட்கவில்லையா என்ற இடத்தில் ரிஷபத்துக்கு இறங்கியது. இறங்கியதை நான் கேட்டேனா, நினைத்துக்கொண்டேனா என்று சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணமாட்டேன். ஆனால் அந்த ரிஷபம் என்னுடையதாகவும் இருந்தது. முப்பது வருஷமாக கேஸட்டிலும், பின்னால் செல்போனிலும், சத்தத்தை வேண்டிய மட்டும் ஏற்றி வைத்துக்கொண்டு ஸஹானா கேட்டிருக்கிறேன். அதில் எந்த ஸ்வரமும் இப்படி என் பொறுப்பில் விடப்பட்டதில்லை.

தொடர்ந்து தியாகையரின் ஸஹானா கீர்த்தனை, மலைமேல் இருக்கும் ராமனைப் பற்றியது. வீணை அம்மாள் பல்லவியை வாசித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் பாடவும் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரின் சின்னம்மா, எண்பது வயதுக்கு மேலிருக்கும், என் பக்கம் திரும்பி, "மலமேல இருக்க ராமரத்தான பாடுறாக?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே தலையாட்டிக்கொண்டார். சங்கீதம் கற்றவரில்லை. வீட்டில் பேசுவது தெலுங்கு, அவ்வளவே. ராஜபாளையம் வட்டாரத்தில் ராஜுக்கள் தொடங்கிக் கரிசல் ஊர்களின் நாயக்கர்கள், ரெட்டியார்கள் வரைக்கும் அடுக்களையில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் ஏராளம். தெலுங்குக் கீர்த்தனை தமிழனுக்குப் புரியாது என்பது 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானபோது வைக்கப்பட்ட நியாயமான வாதம். அந்த வாதத்தின் நியாயம் இன்றும் குறையவில்லை. ஆனால் இந்த மண்ணில் அந்தக் கேள்வியே கொஞ்சம் கோணலாகிவிடுகிறது. சென்னையில் பாடுகிறவர்களுக்கே அர்த்தம் தெரியாமல் போன சாகித்யம், இங்கே முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த ஒரு கிழவிக்கு வீட்டுப் பேச்சாக வந்து சேர்கிறது. அதுவும் வாய்க்கும் காதுக்கும் நடுவில் பத்தடி தூரமே இருந்ததால்.

இந்தப் பத்தடிக்குத் தமிழ்நாட்டில் ஒரு முகவரி இருந்தது. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) குடியிருந்த வீடு. வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே அவர் வாசிப்பார். கேட்க வேண்டியவர்கள் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். பேச்சு, இருமல், தெருச் சத்தம் எதையும் அவர் பொறுத்துக்கொண்டதில்லை என்பது கதையாகவே நிலைத்துவிட்டது. கம்பி வளையங்களை மாட்டிக்கொள்ளாமல் வெறும் விரலால் மீட்டுவார் என்றும், வாசித்தபடியே பாடுவார் என்றும் கேட்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்தக் கண்டிப்பைப் பெரிய கலைஞரின் கோபதாபம் என்றே நானும் நினைத்து வந்தேன். அவர் கடைசிக் காலத்தில் கொடுத்த இசைத்தட்டுகளை முதலில் கேட்டபோது ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஊசிச் சத்தத்துக்கு அடியில் எங்கேயோ ஒரு சின்ன வீணை. மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடுகிறது. இதற்கா இவ்வளவு பேச்சு என்று எடுத்து வைத்துவிட்டேன். சோழபுரத்திலிருந்து திரும்பிய வாரம் மறுபடி கேட்டேன். ஊசிச் சத்தம் அப்படியேதான் இருந்தது. ஆனால் வெறும் விரலால் மீட்டிய தந்தியின் வால் எவ்வளவு சீக்கிரம் மறைந்துவிடும், அதற்குள் அவர் எவ்வளவைச் சொல்லிவிடுகிறார் என்பது இப்போது தெரிந்தது. அந்த வீட்டின் நிசப்தமும் அவருடைய வாத்தியத்தில் ஒரு பாகமாக இருந்திருக்கிறது. இருமுகிறவன் தந்தியின் மேல் கை வைக்கிறான் என்று அர்த்தம்.

தனம்மாளின் கடைசிப் பத்து வருஷங்களுக்குள் எல்லாம் மாறத் தொடங்கிவிட்டன. 1928இல் மியூசிக் அகாடமி. 1930களில் கச்சேரி மேடைக்கு மைக் வருகிறது. அவர் இறந்த 1938இல் சென்னையில் அகில இந்திய வானொலி. டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிற, ஒருவரையொருவர் அறியாத கூட்டத்துக்கு ஏற்றபடி, சின்னச் சின்ன உருப்படிகளை வரிசைப்படுத்தி அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்ததாகச் சொல்லப்படும் பத்ததி நிலைபெறுகிறது. மைக் வருவதற்கு முன்னால் பெரிய கூட்டம் இருக்கவில்லை என்பதல்ல. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) இந்தப் பக்கத்து மனிதர்தான். நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைவரை வெறும் தொண்டையால் எட்டியவர். ஆனால் அந்தத் தொண்டைக்கு ஒரு ஸ்தாயி வேண்டும், ஒரு வீச்சு வேண்டும். மைக் வந்ததும் வீச்சு இல்லாத தொண்டைக்கும் இடம் கிடைத்தது. எம்.டி. ராமநாதனின் (1923–1984) கீழ் ஸ்தாயிக் குரல் மைக் இல்லாத காலத்துக் கல்யாணப் பந்தலில் எடுபட்டிருக்குமா? ஆகவே மைக்கைத் திட்டி எழுதுவதில் எனக்கு அக்கறையில்லை. நான் சொல்ல வருவது வேறு. குரலுக்கு அது கொடுத்ததையும் காதிடமிருந்து எடுத்துக்கொண்டதையும் ஒரே கணக்கில் எழுத வேண்டும். நம் சங்கீத விமர்சனம் குரலைப் பற்றியே எழுதிவிட்டுக் காதை மறந்துவிட்டது.

இதற்கு என் சட்டைப்பையிலேயே ஒரு நிரூபணம் இருந்தது. வெட்கத்துடன் சொல்கிறேன், ஸஹானாவைச் செல்போனில் பதிவு செய்திருந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், அந்த ரிஷபம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு லாரி போகிறது. ஆரன் வேறு. யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். தொலைவில் ஒரு நாய். கச்சேரியின்போது இவற்றில் ஒன்றையும் நான் கேட்கவில்லை. செல்போனுக்குள் தானாகவே ஒலியைச் சமப்படுத்துகிற ஏற்பாடு இருக்கிறது. சத்தம் தாழும்போதெல்லாம் அது எல்லாவற்றையும் தூக்கிவிடும். வீணை தேயத் தேய, அதன் இடத்துக்கு லாரியை உயர்த்திக்கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. அதன் கணக்கில் மௌனம் என்பது நிரப்பப்படவேண்டிய பள்ளம். என் காது அதற்கு நேர் எதிரானதைச் செய்திருக்கிறது. லாரியைத் தள்ளிவிட்டு, தேய்ந்துகொண்டிருந்ததைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேட்பது என்பது தேர்வு. கருவி தேர்ந்துகொடுக்கத் தொடங்கினால் காது அந்த வேலையை விட்டுவிடுகிறது.

இத்தோடு நிறுத்திவிட்டால் நேர்த்தியான கட்டுரையாகிவிடும். ஆனால் இடைவேளையில் நடந்ததையும் எழுத வேண்டும்.

கச்சேரி தொடங்கி முக்கால் மணி இருக்கும்போது வாசலில் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். மில் ஷிப்டு முடிந்து வருகிற பெண்கள் மூன்று பேர், கையில் டிபன் தூக்கு. இரண்டு பையன்கள். கதவு திறந்தே இருந்தது. வீட்டுக்காரர் எழுந்து போய், "உள்ள வாங்க தாயி, எடம் கெடக்கு" என்றார். நிஜமாகவே கூப்பிட்டார், ஒப்புக்கல்ல. "இருக்கட்டும்யா, இங்கனயே நின்னு கேட்டுக்கிர்றோம்" என்றார் அவர்களில் மூத்தவர். திண்ணையில்கூட உட்காரவில்லை. இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போன நான், மிருதங்கக்காரரும் வீணை அம்மாளும் சுருதி சரிபார்த்து இரண்டு வரி வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் நின்ற இடத்தில் போய் நின்று பார்த்தேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் லேசாகக் கேட்டது. வீணையின் ஒரு ஸ்வரம்கூட வாசற்படியைத் தாண்டவில்லை. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்ததாக நான் நினைத்த அரைமணி நேரமும் அவர்கள் பார்த்துக்கொண்டு மட்டுமே நின்றிருக்கிறார்கள். நான் உள்ளே திரும்பி வந்து உட்கார்ந்தபோது வாசலில் யாரும் இல்லை.

அவர்கள் ஏன் உள்ளே வரவில்லை என்று நமக்குத் தெரியும். தெரியாததுபோல் எழுதுவதுதான் நம் சங்கீத விமர்சனத்தின் மரபு. கூடம் என்பது ஒலிக்கான இடம் மட்டுமல்ல, அதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. யார் எதுவரை வரலாம் என்பது சுவரில் எழுதப்படாமலே எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பாவிலும் இதே கதைதான். நால்வர் வாசிக்கும் தந்தி வாத்திய இசைக்கு இலக்கணம் கண்ட ஹைடன், 1761இல் எஸ்டெர்ஹாஸி பிரபுவின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, சீருடை போட்ட ஊழியராகவே அந்த இசையை எழுதினார். இங்கே எட்டயபுரம் அரண்மனையின் ஆதரவில்தான் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835இல் கண்ணை மூடினார். 1904இல் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி அச்சேறியதும் அதே ஊரில்தான். அரண்மனை இல்லையென்றால் அந்த ஏடு நமக்கு இல்லை. அரண்மனைக் கூடத்தில் எட்டயபுரத்துச் சம்சாரி எத்தனை பேர் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது அந்த ஏட்டில் இல்லை.

தனம்மாளின் வீட்டிலும் ஒரு வாசற்படி இருந்தது, ஆனால் தலைகீழாக. அவர் தேவதாசி மரபில் வந்தவர். பெரிய மனிதர்களும் வித்வான்களும் அவர் வீட்டுப் படியேறி வந்து, அவர் போட்ட கட்டுப்பாட்டுக்கு அடங்கி உட்கார்ந்தார்கள். கூடத்தின் சொந்தக்காரரே கலைஞராக இருந்த அபூர்வம் அது. ஸபாக்கள் எழுந்த பிறகு அந்தச் சொந்தம் போய்விட்டது. அவருடைய பேத்திகள் பிருந்தாவிடமும் (1912–1996) முக்தாவிடமும் (1914–2007) இருந்த பதங்களைக் கற்றுக்கொள்ளப் பேர்பெற்ற வித்வான்களே போனார்கள். ஆனால் அந்த மரபில் பிறந்த பெண்கள் மேடையிலிருந்து பெரும்பாலும் மறைந்துபோனார்கள். கூடத்தைவிடப் பெரிய அரங்கம் வந்தது. அதில் அவர்களுக்கு இடம் சின்னதாகிப்போனது.

மறுபக்கம், ஒலிபெருக்கி என்ன செய்தது என்பதையும் இந்தக் கரிசல் பக்கத்தில் பிறந்த நான் சொல்லியாக வேண்டும். கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் (1921–1964) நாயனத்துக்கு மைக்கே வேண்டாம். தேர் போகிற தெருவெல்லாம் கேட்கும். கோயிலுக்குள் விடப்படாதவனும் தெருமுனையில் நின்று தோடியைக் கேட்டிருக்கிறான். பிறகு 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்தது குழாய் ஸ்பீக்கர் வழியாக ஊர் ஊராகப் போயிற்று. கல்யாண வீட்டுச் சொந்தக்காரர் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் குழாய் எல்லா வீட்டுக்கும் பாடியது. அந்தக் குழாய் காதைக் கெடுத்தது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்தக் குழாய் இல்லாமல் எத்தனை பேருக்குக் காதே கிடைத்திருக்காது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு உரிமை இல்லை.

ஆக, இரண்டு உண்மைகள். ஒன்று மற்றொன்றை ரத்து செய்யவில்லை. வீணை தன் முழு அர்த்தத்தோடு இருக்கச் சின்னக் கூடம் வேண்டும். சின்னக் கூடம் நம் சமூகத்தில் ஒருபோதும் வெறும் கூடமாக இருந்ததில்லை. சுத்த சங்கீதம் பேசுகிறவர்கள் முதலாவதை மட்டும் சொல்கிறார்கள். சங்கீதத்தையே மேல்சாதிச் சரக்கு என்று தள்ளிவிடுகிறவர்கள் இரண்டாவதை மட்டும். இரண்டும் சௌகரியமான நிலைகள். ஒன்று வாசலைப் பார்க்க வேண்டியதில்லை. மற்றது ஸஹானாவைக் கேட்க வேண்டியதில்லை.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு இது தூரத்து விஷயமாகப் படாது என்று நினைக்கிறேன். நாமும் ஒரு கூடத்துக்குள் அடங்குகிறவர்கள்தான். சில நூறு பிரதிகள். எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். முடிக்கப்படாத வாக்கியத்தை வாசகன் முடித்துக்கொள்வான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறோம். குரலைத் தாழ்த்திப் பேசுவது நம் பலம், அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் வாசலில் நிற்பவருக்குக் கேட்கவில்லை என்பதையே நம் தரத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்கிற ஒரு நோய் நமக்கு உண்டு. சோழபுரத்து வாசலில் நின்ற அந்தப் பெண் கேட்கத்தான் வந்தார். அவருக்கு ரசனை இல்லை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவுமில்லை. கேட்கிற தூரத்துக்குள் அவர் வரவில்லை என்பது மட்டுமே எனக்குத் தெரியும்.

கூடத்தின் சொந்தத்தை மாற்ற முடியாதது என்றும் இல்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒரு வீடு வீடாக இருப்பதை நிறுத்தினால்தான் சிலர் அதன் படியேறுவார்கள் என்பதை அறிந்த செயலாக அதை நான் படிக்கிறேன். ஆனால் எல்லோரும் வீட்டைக் கொடுக்க முடியாது. கொடுக்கப்பட்ட வீடும் காலப்போக்கில் மைக் வைத்த மண்டபமாகிவிடலாம்.

கச்சேரி முடிந்து, சுண்டல் சாப்பிட்டு, பஸ் ஸ்டாண்டுவரை வீட்டுக்காரரும் கூட வந்தார். வாசலில் நின்றவர்களைப் பற்றிச் சொன்னேன். அவரும் கவனித்திருந்தார். அடுத்த தடவை திண்ணையில் வைத்தால் என்ன என்று கேட்டேன். "தெருவுல போற லாரிச் சத்தத்துல வீணை எங்க சார் கேக்கப் போகுது?" என்றார். நியாயமான பதில்தான். சற்று தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அவங்க தெருவுல ஒரு சமுதாயக் கூடம் இருக்கு. சின்னதுதான், நம்ம கூடம் அளவு வரும். அங்க வைக்கலாம். வைக்கிறது கஷ்டம் இல்ல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இன்னைக்கு வந்தாங்கள்ல, இவுக எல்லாம் அங்க வருவாகளா சார்?" என்று கேட்டார்.

நான் வருவேன் என்றேன். அவர் கேட்டது என்னைப் பற்றி இல்லை என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. பஸ் வரும்வரை அந்த 38 பேரையும் ஒவ்வொரு முகமாக நினைத்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு கை விரல்களுக்கு மேல் போகவில்லை. வீணை கேட்க அவ்வளவு பேர் போதும்தான். சமுதாயக் கூடத்தில் ஃபேன் எப்படி என்று விசாரித்துச் சொல்வதாக அவர் சொல்லியிருக்கிறார்.